இன்னும் ரெண்டே நிமிஷம்மா

லீவு விட்டு ஒன்பதாவது நாள்னு நினைக்கிறேன், காலைல பத்தே முக்கால் மணி. பதினொண்ணுக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங். அதுக்குள்ள பெரியவனை குளிக்க அனுப்பிடணும்னு "ரெண்டு நிமிஷம்தான், அப்புறம் டேப்லெட்டை வெச்சிடணும்"னு சொல்லிட்டு போனேன். திரும்பி வந்தா "இன்னும் ரெண்டே நிமிஷம்மா"ங்கறான். சரின்னு போனேன், மறுபடி வந்தேன், அதே பதில். மூணாவது தடவை நான் ஒண்ணும் பேசல, கைல இருந்து டேப்பை புடுங்கிட்டேன். 11 வயசு பையன், என் தோள் உயரம் வந்துட்டான், அவன் முகத்துல அப்படி ஒரு கோபத்தை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. "நான் செத்துட்டேன், உன்னாலதான்"னு கத்தினான். கேம்லதான் செத்திருக்கான், எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. அண்ணன் கத்தறதைப் பாத்து 6 வயசு சின்னவ அழ ஆரம்பிச்சா. நான் அன்னிக்கு மீட்டிங்ல கேமரா போடல, கண்ணு சிவந்திருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் தூங்கினதுக்கப்புறம் உக்காந்து யோசிச்சேன். வருஷம் பூரா நாங்க எல்லாரும் காத்திருந்த லீவு இது. காலைல அவசரம் கிடையாது, ஹோம்வொர்க் கிடையாது, புள்ளைங்க நாள் முழுக்க கண்ணு முன்னாடி இருக்காங்க. ஆனா இந்த ஒன்பது நாள்ல நான் அவங்ககிட்ட பேசினதுல பாதி "ஆஃப் பண்ணு", "எவ்ளோ நேரமாச்சு", "போதும் வெச்சிடு" இதுதான். அவன் என்கிட்ட பேசினதுல பாதி "இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு". இதை நினைச்சப்ப வயித்தை பிசைஞ்சுச்சு. ஸ்க்ரீன் எங்க குடும்பத்தை கெடுக்குதுன்னு நான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன், ஆனா ஸ்க்ரீன் ஓடாத நேரத்துலயும் எங்க வீட்ல பேச்சு பூரா அதைப்பத்திதான்.

ஸ்கூல் இருக்கறப்ப இந்த பிரச்சனை இவ்ளோ பெருசா தெரியறதில்ல, ஏன்னா நாளுக்கு ஒரு எலும்புக்கூடு இருக்கு. எந்திரிக்கிற நேரம், கிளம்பற நேரம், வர்ற நேரம், தூங்கற நேரம், எல்லாம் வேற யாரோ வெச்சது, நாம சண்டை போட்டு வாங்கினதில்ல. நடுவுல மிச்சம் இருக்கற கொஞ்ச நேரத்துலதான் டிவி, கேம் எல்லாம். லீவு விட்டதும் அந்த எலும்புக்கூட்டை மொத்தமா உருவிட்டா மாதிரி ஆயிடுது, நாள் தொளதொளன்னு ஆகி எங்க வேணா சரியுது, பக்கத்துலயே கைக்கெட்டற தூரத்துல எது இருக்கோ அதுமேல சரியுது. அது செல்போனா இருந்தா குழந்தைய குத்தம் சொல்லி என்ன பண்றது.

நான் இதுக்கு கண்டுபுடிச்ச வழி ஒரு நோட்டு. நாளைக்கு ரெண்டு மணி நேரம், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, எழுதி வெச்சு டிக் போடறது. ஒரு வாரத்துல என் பையன் கணக்குப்பிள்ளையாவே ஆயிட்டான். "நேத்து நாம வெளில போனதால பதினஞ்சு நிமிஷம் மிச்சம் இருக்கு, அதை இன்னிக்கு சேத்துக்கலாமா", "தங்கச்சி பாத்த கார்ட்டூனை நான் தூரத்துல இருந்துதான் பாத்தேன், அது என் கணக்குல வராது", "லோடிங் ஆகற நேரத்தை கழிக்கணும்". தினமும் பேரம். மத்த விஷயமெல்லாம், படிக்கறது, வரையறது, சைக்கிள் ஓட்டறது எல்லாம் அவன் கண்ணுல அந்த ரெண்டு மணி நேரத்துக்கு நடுவுல வர்ற வெயிட்டிங் ரூம் மாதிரி ஆயிடுச்சு. நான் நிமிஷத்தை எண்ண எண்ண அந்த நிமிஷம் தங்கமாச்சு, அதை தங்கமாக்கினது நான்தான்.

சரி, இந்த ரெண்டு மணி நேரம்ங்கறது எங்கிருந்து வந்துச்சு, யார் சொன்னான்னு தேடி படிச்சேன். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி பல வருஷம் அப்படித்தான் சொல்லிட்டிருந்திருக்காங்க, பொழுதுபோக்குக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு. 2016ல அவங்களே அதை மாத்திட்டாங்க. 2லிருந்து 5 வயசுக்கு மட்டும் ஒரு மணி நேரம்னு ஒரு அளவு வெச்சுட்டு, 6 வயசுக்கு மேல எண்ணே சொல்லல, தூக்கம், ஓடியாடறது இதெல்லாம் பாதிக்காத மாதிரி வீட்டுக்கு வீடு ஒரு வரைமுறை வெச்சு அதுல உறுதியா நில்லுங்கன்னு சொல்லிட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னதும் 5 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்குத்தான், 2 வயசு ஆகற வரைக்கும் ஸ்க்ரீனே வேண்டாம், 2லிருந்து 4 வயசுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், குறைய குறைய நல்லதுன்னு. அதே 2019ல பிரிட்டன்ல இருக்கற குழந்தை மருத்துவர்கள் ராயல் காலேஜ் எந்த எண்ணுமே தரமாட்டோம்னுட்டாங்க, அதுக்கு பதிலா நாலு கேள்வி குடுத்தாங்க. உங்க வீட்ல ஸ்க்ரீன் ஒரு கட்டுப்பாட்டுல இருக்கா? குடும்பமா நீங்க செய்ய நினைக்கறதுக்கு அது குறுக்க வருதா? தூக்கத்தை கெடுக்குதா? பாத்துட்டே நொறுக்குத்தீனி தின்றதை உங்களால கட்டுப்படுத்த முடியுதா?

அந்த நாலாவது கேள்விய படிச்சப்ப நிமிந்து உக்காந்தேன், ஏன்னா எங்க வீட்ல டிவி முன்னாடி சாப்பிடறப்ப என்ன சாப்பிடறோம்னே தெரியாம உள்ள போயிட்டிருந்துச்சு. ஆனா என்னை ரொம்ப நேரம் பிடிச்சு வெச்சது ரெண்டாவது கேள்வி. குடும்பமா நாங்க என்ன செய்ய நினைக்கிறோம்? அதை நாங்க ஒருநாளும் உக்காந்து பேசினதே இல்ல. என்ன வேண்டாம்ங்கறது மட்டும்தான் எனக்கு தெளிவா தெரியும்.

அதனால நோட்டை மூடி வெச்சுட்டேன். எத்தனை மணி நேரம்னு எண்றதை விட்டுட்டு, இது வந்து எதை இடிச்சு தள்ளுதுன்னு பாக்க ஆரம்பிச்சேன். அப்படி பாத்தா முதல்ல மாட்டினது தூக்கம்.

லீவு ஆரம்பிச்சப்ப பெரியவன் ராத்திரி பத்துக்கு படுத்தான். ஒரு வாரத்துல பதினொண்ணு, அப்புறம் பன்னெண்டு. காலைல ஒன்பதரைக்கு எந்திரிக்கிறான், எந்திரிச்சதும் கடுகடுன்னு, ஒண்ணு சொன்னா ஒன்பது பேசறான். நான் இதை கேம் பண்ற வேலைன்னு நினைச்சேன். பாதிக்கு மேல தூக்கம் பண்ற வேலை. 6லிருந்து 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9லிருந்து 12 மணி நேரம் தூங்கணும், 13லிருந்து 18க்கு 8லிருந்து 10 மணி நேரம்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொல்லியிருக்காங்க. கணக்குப்படி பாத்தா ஒன்பதரை மணி நேரம் தூங்கறான்ல என்ன குறைன்னு என் வீட்டுக்காரர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனா பன்னெண்டுக்கு படுக்கறவன் பன்னெண்டுக்கு தூங்கலயே. படுக்கறதுக்கு முன்னாடி கண்ணுல அடிக்கிற வெளிச்சம் மெலடோனின்ங்கற தூக்க ஹார்மோன் சுரக்கறதை தள்ளிப்போடுது, குழந்தைங்களுக்கு அது பெரியவங்களைவிட அதிகமா பாதிக்கும், ஏன்னா அவங்க கண்மணி பெருசா விரியும், கண் லென்ஸும் தெளிவா இருக்கும், வெளிச்சம் நிறைய உள்ள போகும். அதுகூட பரவால்ல, கடைசி மேட்ச் தோத்துட்டு படுக்கறவன் மனசு எப்படி அடங்கும்? பக்கத்து ரூம்ல இருந்து அவன் புரண்டு புரண்டு படுக்கற சத்தம் எனக்கு கேக்கும்.

அதனால லீவுக்கு நாங்க வெச்ச ஒரே கறாரான விதி இதுதான், ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்ல இருக்கற எல்லா போனும் டேப்பும் ஹால்ல இருக்கற ஒரே பிளக் பாயிண்ட்ல சார்ஜுக்கு போயிடணும், பெட்ரூமுக்குள்ள சார்ஜரே கிடையாது. எல்லா போனும்னா என்னோடதும், அவரோடதும்தான். அவருக்கு அலாரம் வேணும்னார், தனியா ஒரு அலாரம் கடிகாரம் எடுத்து வெச்சோம். முதல் ரெண்டு நாள் நான்தான் கஷ்டப்பட்டேன், படுத்துட்டு கை தானா தலகாணி பக்கத்துல தேடுது. மூணாவது நாள் பெரியவன் இருட்டுல "அம்மா, ஒண்ணு கேக்கவா"ன்னான். அவன் கிளாஸ்ல ஒரு பையன் இவனை ரெண்டு மாசமா பேர் வெச்சு கூப்பிட்டு கிண்டல் பண்ணிட்டிருக்கானாம். ரெண்டு மாசம். என்கிட்ட சொல்லவே இல்ல. பகல்ல எத்தனை தடவை "ஸ்கூல் எப்படி போச்சு"ன்னு கேட்டிருப்பேன், "ம்"ங்கறது மட்டும்தான் வரும். இருட்டுல, கைல ஒண்ணும் இல்லாம, ரெண்டு பேரும் கூரைய பாத்துட்டு படுத்திருக்கறப்பதான் அது வெளில வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த ஒன்பது மணி விதிய நான் யாருக்காகவும் விட்டுக்குடுக்கல.

ரெண்டாவது இடிபட்டது வெயிலும் வெளிச்சமும். பெரியவனுக்கு 9 வயசுலயே கண்ணாடி வந்துடுச்சு, சின்னவளுக்கு வரக்கூடாதேன்னு எனக்கு பயம். போன் பாத்தா கண்ணு கெட்டுடும்னு பொதுவா சொல்வோம், கொஞ்சம் படிச்சப்ப வேற மாதிரி புரிஞ்சுச்சு. கிட்டத்துல பாக்கற வேலை ஒரு காரணம், அது புக்கா இருந்தாலும்தான். ஆனா வெளில போகாம இருக்கறது இன்னொரு பெரிய காரணம். லக்ஸ்ங்கறது வெளிச்சத்தை அளக்கற அலகு, வீட்டுக்குள்ள வெளிச்சம் சாதாரணமா சில நூறு லக்ஸ்தான், வெளில நிழல்ல நின்னாகூட பல ஆயிரம் லக்ஸ் வந்துடும், அந்த வெளிச்சத்துல விழித்திரைல சுரக்கற டோபமைன்ங்கற ரசாயனம் கண்கோளம் தேவைக்கு மேல நீளமா வளராம தடுக்குதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. தைவான்ல 2010ல இருந்து ஸ்கூல் பிள்ளைங்களை தினமும் 120 நிமிஷம் வெளில விடற திட்டம் நடக்குது, அதுவரைக்கும் வருஷா வருஷம் ஏறிட்டே இருந்த பார்வைக்குறைவு அதுக்கப்புறம் இறங்க ஆரம்பிச்சுச்சு. இது ஏற்கனவே வந்துட்ட பவரை குறைக்காது, வராம தள்ளிப்போடத்தான் உதவும், அதனால இது சின்னவளுக்காக. அதோட 5லிருந்து 17 வயசு வரைக்கும் சராசரியா தினமும் 60 நிமிஷமாவது மூச்சு வாங்கற மாதிரி ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ரெண்டையும் சேத்து வெளிலயே முடிச்சுக்கலாம். ஸ்க்ரீனை எவ்ளோ குறைக்கிறோம்னு பாக்காம வெளில எவ்ளோ நேரம் இருந்தோம்னு எண்ண ஆரம்பிச்சதும் எனக்கே மனசு லேசாச்சு, ஏன்னா இந்த எண்ணிக்கைல யாரும் யார்கிட்ட இருந்தும் எதையும் புடுங்க வேண்டியதில்ல.

வெளில விட இடமே இல்லாத வீடுங்க இருக்கு, தனியா அனுப்ப பயப்படற வீடுங்க இருக்கு, வெயில் தலைய பொளக்கற நாளும் இருக்கு, தெரியும். எங்களுக்கும் எல்லா நாளும் முடியாது. மொட்டை மாடில அரை மணி நேரம், துணி காயப்போடறப்ப கூட வந்து நிக்கறது, சும்மா ஒரு தடவை நடந்துட்டு வர்றது, அப்படி ஒட்டுப்போட்டுத்தான் போகுது.

இப்ப அந்த ரெண்டு நிமிஷத்துக்கு வர்றேன், நான் இதை எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

ஆஃப் பண்ற நேரத்துல வர்ற சண்டைய பத்தி தேடறப்ப 2016ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல பண்ணின ஒரு ஆய்வு கிடைச்சுச்சு, 1லிருந்து 5 வயசு குழந்தைங்க இருக்கற வீடுகள்ல, ஸ்க்ரீனை நிறுத்தறப்ப என்ன நடக்குதுன்னு அப்பா அம்மாவையே குறிச்சு வெக்க சொல்லி பாத்திருக்காங்க. ரொம்ப சின்ன ஆய்வு, சில பத்து குடும்பங்கதான். அதுல அவங்களே எதிர்பாக்காத ஒண்ணு வந்துச்சு. "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்"னு முன்கூட்டியே சொன்ன வீடுகள்ல சண்டை குறையல, கூடியிருக்கு. எங்க சண்டை குறைஞ்சுச்சுன்னா, எபிசோட் தானா முடிஞ்ச இடத்துல, பேட்டரி தீந்த இடத்துல, இல்ல தினமும் இந்த நேரத்துக்கு இதுன்னு பழக்கமாயிட்ட இடத்துல. அதாவது அம்மா நிறுத்தினா கோவம் வருது, அந்த பொருளே நின்னா ஏத்துக்கறாங்க.

இதை படிச்சதும் என் பையன் "உன்னாலதான்"னு கத்தினது ஞாபகம் வந்துச்சு. எனக்கு அது டேப். அவனுக்கு அது பாதி ஓடிட்டிருக்கற ஒரு மேட்ச், அதுல கூட நாலு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, நடுவுல விட்டுட்டு போனா அவங்க தோப்பாங்க. நான் செஸ் ஆடறப்ப பாதில யாராவது வந்து போர்டை கலைச்சா நான் என்ன பண்ணுவேன்?

அடுத்த நாள் அவன்கிட்ட போய் "கண்ணா, அன்னிக்கு நான் புடுங்கினது தப்பு, எனக்கு அந்த கேம் எப்படின்னு சொல்லிக்குடு"ன்னேன். சந்தேகமா பாத்தான். அப்புறம் முக்கால் மணி நேரம் விடாம பேசினான், எந்த இடத்துல ஒளியணும், யார் எந்த வேலைய பாக்கணும், எதை நடுவுல நிறுத்தி வெக்க முடியும் எதை முடியாது. அவன் ஒரு விஷயத்தை இவ்ளோ அழகா வரிசையா விளக்குவான்னு எனக்கு தெரியாது. அந்த பேச்சுலதான் தெரிஞ்சுச்சு, அவன் ஆடற கேமை நடுவுல நிறுத்தி வெக்கவே முடியாது, மேட்ச் முடியற வரைக்கும் இருந்தாகணும், ஆனா ஒரு மேட்ச் இவ்ளோ நேரத்துல முடிஞ்சிடும்னு ஒரு அளவு இருக்கு. அப்ப நிமிஷத்துல பேசறதை விட்டுட்டு மேட்ச்ல பேசலாமேன்னு முடிவு பண்ணோம். காலைல ரெண்டு மேட்ச், சாயங்காலம் ரெண்டு. கிளம்பற நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாடி புது மேட்ச் ஆரம்பிக்கக்கூடாது. இது அவனே சொன்ன விதி, நான் இல்ல. சின்னவளுக்கு எபிசோட் கணக்கு, பாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எது எதுன்னு அவளே எடுத்து வெக்கணும், முடிஞ்சதும் ரிமோட்டை அவதான் அமுத்தணும். அந்த பட்டனை அமுத்தறதுல அவளுக்கு ஒரு பெருமை.

இதுக்கு ஒரு வேலை முதல்ல பண்ணியாகணும், ஆட்டோபிளேயை ஆஃப் பண்ணணும். ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓட ஆரம்பிச்சா முடிவுங்கற இடமே இல்லாம போயிடும், அப்ப முடிச்சு வெக்கறவங்க நாமதான், கெட்ட பேர் நமக்குத்தான். யூடியூப் கிட்ஸ்ல 2021ல இருந்து அதை ஆஃப்லயே வெச்சுத்தான் தர்றாங்க, மத்த பல இடத்துல செட்டிங்ஸ்ல போய் நாமதான் தேடணும். அஞ்சு நிமிஷ வேலை, லீவோட முதல் நாளே பண்ணிடுங்க.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் விஷயத்துல மட்டும் நான் சமாதானமே பேசல, குழந்தைங்க கைல இருக்கற எதுலயும் வேண்டாம்னு எடுத்துட்டேன். கேமுக்கு முடிவு இருக்கு, படத்துக்கு முடிவு இருக்கு, கார்ட்டூனுக்கு முடிவு இருக்கு. இதுக்கு முடிவே கிடையாது, அடியில்லாத பானை. இப்படி கீழ தள்ள தள்ள வந்துட்டே இருக்கற அந்த ஸ்க்ரோலை 2006ல வடிவமைச்ச ஏசா ராஸ்கின்ங்கறவரே பின்னாடி அதுக்காக வருத்தப்பட்டு பல இடத்துல பேசியிருக்கார். அதோட அடுத்து வர்றது நல்லா இருக்குமா மொக்கையா இருக்குமான்னு தெரியாது, எப்பவாவது ஒண்ணு பிரமாதமா இருக்கும், அந்த எப்பவாவதுதான் விரலை நிக்க விடாது. ஸ்கின்னர்ங்கற மனவியல் அறிஞர் எலி, புறாவை வெச்சு ரொம்ப காலம் முன்னாடியே காட்டினது, தீனி ஒவ்வொரு தடவையும் வந்தா அதை நிறுத்தினதும் சீக்கிரம் விட்டுடும், எப்ப வரும்னே தெரியாம வந்தா விடாம அமுத்திட்டே இருக்கும். 40 வயசு எனக்கே அதை கீழ வெக்க முடியல, 11 வயசு பையனுக்கு சுயக்கட்டுப்பாடு இல்லன்னு திட்ட எனக்கு மனசு வரல.

ஆஃப் பண்ணியாச்சு, அடுத்து என்ன? உடனே வரும், "போர் அடிக்குதும்மா". முன்னாடியெல்லாம் இதை கேட்டதும் நான் பதறுவேன், கலர் பேப்பர் எடுத்து குடுப்பேன், ஏதாவது கிளாஸ்ல சேத்து விடலாமான்னு தேடுவேன், ஒரு லீவுல அப்படி மூணு கிளாஸ் சேத்து மூணு பேரும் களைச்சு போனோம். இப்ப "ம், தெரியுது கண்ணா"ன்னு மட்டும் சொல்லிட்டு என் வேலைய பாக்கறேன். முதல் இருபது நிமிஷம் நரகம். சோபால தலைகீழா தொங்குவான், தங்கச்சிய சீண்டுவான், பெருமூச்சு விடுவான். அந்த இருபது நிமிஷத்தை நாம தாண்ட விட்டா அந்தப் பக்கம் ஏதோ ஒண்ணு வருது, என்னன்னு முன்கூட்டி சொல்லவே முடியாது. ஒரு நாள் அப்படி தொங்கிட்டிருக்கறப்ப, போன் இல்லாட்டி யார் நம்பராவது நமக்கு ஞாபகம் இருக்குமான்னு பாட்டிகிட்ட கேட்டான். என் மாமியார் இருபது நம்பர் மனப்பாடமா சொன்னாங்க, அதுல பாதி பேர் இப்ப உயிரோடவே இல்ல. ஒவ்வொருத்தரும் யார், எதுக்கு அடிக்கடி போன் பண்ணுவாங்கன்னு கேட்டு கேட்டு எழுதினான், அந்த நோட்டு, நான் நிமிஷம் எண்ணின அதே நோட்டுல பின்பக்கம் இருந்து. சாயங்காலம் என் நம்பரும் அவங்கப்பா நம்பரும் அவனுக்கு தலைகீழா தெரியும். நான் சேத்துவிட்ட எந்த கிளாஸ்லயும் இது நடந்திருக்காது.

என் போன் பத்தி சொல்லாம இதை முடிச்சா நான் பொய் சொன்ன மாதிரி ஆகும். செட்டிங்ஸ்ல போய் என்னோட ஸ்க்ரீன் டைம் பாத்தேன், அந்த வார சராசரி அஞ்சு மணி நேரம் பன்னெண்டு நிமிஷம், ஆபீஸ் வேலை லேப்டாப்ல, அது இதுல சேராது. அதை சாப்பிடற நேரத்துல எல்லார் முன்னாடியும் சத்தமா படிச்சேன். பையன் ஒண்ணும் சொல்லல, ஆனா என்னை ஒரு மாதிரி நிம்மதியா பாத்தான், இது தன்னோட தப்பு மட்டும் இல்லன்னு தெரிஞ்ச நிம்மதி. அன்னில இருந்து ஒரு பழக்கம் ஆரம்பிச்சேன். குழந்தைங்க முன்னாடி போனை எடுத்தா எதுக்கு எடுக்கறேன்னு வாய்விட்டு சொல்லிடறது. "கரண்ட் பில் கட்டறேன்." "சித்திக்கு பதில் அனுப்பறேன்." "நாளைக்கு மழை வருமான்னு பாக்கறேன்." குழந்தைக்கு அந்த செவ்வகத்துக்குப் பின்னாடி அம்மா என்ன பண்றான்னு தெரியாதுல்ல, எல்லாம் ஒண்ணுதான், அம்மா இங்க இல்ல, அவ்ளோதான். சொல்ல ஆரம்பிச்சதும் எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு, பத்துல ஆறு தடவை எடுத்ததுக்கு சொல்ல காரணமே இல்ல. வாயை திறந்துட்டு ஒண்ணும் வராம போனை கீழ வெச்சிருக்கேன்.

அதே நேரம் எனக்கு மீட்டிங் இருக்கறப்ப டிவி போட்டு விடறேன், தெரிஞ்சே போட்டு விடறேன். அதுக்கு இப்ப குற்ற உணர்ச்சி படறதில்ல. வேலைக்கு போற அம்மா, தனியா புள்ளைய வளக்கற அப்பா, உடம்பு சரியில்லாத பாட்டிய வெச்சு பாத்துக்கறவங்க, இவங்களுக்கு லீவுங்கறது லீவே கிடையாது, அவங்ககிட்ட போய் ஸ்க்ரீனே குடுக்காதீங்கன்னு சொல்றது அநியாயம். நமக்கு நிஜமா தேவைப்படற நேரத்துக்கு அதை வெச்சுக்கலாம், அதுக்குத்தான் மத்த நேரத்துல சொட்டு சொட்டா ஒழுக விடாம இருக்கறது. தாத்தா பாட்டிகூட வீடியோ கால் பேசறதை நான் எந்த கணக்குலயும் சேக்கறதில்ல. ஒன்றரை வயசுக்கு கீழ ஸ்க்ரீன் வேண்டாம்னு சொல்ற அதே அமெரிக்க மருத்துவர்கள்கூட வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு குடுத்திருக்காங்க.

என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் இதுல இன்னும் முழுசா ஒத்துப்போகல. "லீவுதானே, விடேன்"ம்பார். புள்ளைங்க முன்னாடி அவர் ஒண்ணு நான் ஒண்ணு சொன்னா அதைவிட மோசம் எதுவும் இல்லன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், அதனால ராத்திரி மொட்டை மாடில போய் சண்டை போடறோம். ஒன்பது மணி விதி, சாப்பாட்டு நேரத்துல ஸ்க்ரீன் கிடையாது, இந்த ரெண்டுல ஒரே குரல். ஞாயித்துக்கிழமை மூணு பேரும் சேந்து ஒரு முழு படம் பாக்கறதை நான் விட்டுக்குடுத்தேன், அப்புறம் நானும் போய் உக்காந்துட்டேன், நாலு பேர் ஒரு போர்வைக்குள்ள. அதுவும் ஸ்க்ரீன்தான், ஆனா அது எதையும் இடிச்சு தள்ளல.

ஒரு விஷயம் மட்டும் கவனமா சொல்லணும். லீவுல கொஞ்சம் அதிகமா ஆடற குழந்தை எல்லாம் அடிமை கிடையாது, அந்த வார்த்தைய குழந்தை காதுல விழற மாதிரி சொல்லாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல கேமிங் கோளாறுன்னு ஒண்ணு 2022ல இருந்து நடைமுறைல இருக்கு, ஆனா அதுக்கு கட்டுப்பாடே இல்லாம போறது, மத்த எல்லாத்தையும்விட கேமே முக்கியமாயிடறது, கெடுதல் நடக்கறது தெரிஞ்சும் நிறுத்த முடியாதது, இதெல்லாம் பொதுவா 12 மாசமாவது தெரியணும், வாழ்க்கைய நிஜமாவே பாதிச்சிருக்கணும். சாப்பாடு, தூக்கம், ஃப்ரெண்ட்ஸ், முன்னாடி புடிச்ச விளையாட்டு எல்லாத்தையும் விட்டு ஒதுங்கிட்டான்னு தோணினா 12 மாசம் காத்திருக்க வேண்டாம், குழந்தை டாக்டர்கிட்ட போய் பேசுங்க. சில நேரம் கேம் காரணமே இல்ல, வேற ஏதோ வலிக்கு அது ஒளிஞ்சுக்கற இடம். கிளாஸ்ல கிண்டல் பண்ற பையன் விஷயம் தெரிஞ்சதுல இருந்து எனக்கு இது அடிக்கடி தோணுது.

ஸ்கூல் திறக்க இன்னும் பத்து நாள் இருக்கு. படுக்கற நேரத்தை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னாடி இழுத்துட்டு வர்றோம், ஒரே நாள்ல மாத்தினா முதல் வாரம் பூரா தூங்கி விழுவாங்க. எல்லாம் சரியாயிடுச்சான்னா இல்ல, முந்தாநேத்துகூட மூணாவது மேட்ச் ஆரம்பிச்சுட்டான், நானும் குரலை உசத்தினேன். ஆனா அவன் முடிச்சுட்டு தானா வந்து "நான் நேரம் பாக்கல, சாரிம்மா"ன்னான், நானும் கத்தினதுக்கு சாரி சொன்னேன்.

இப்ப சாயங்காலம் அஞ்சு ஆகப்போகுது. உள்ள இருந்து "கடைசி ஒருத்தன்தாண்டா இருக்கான்"னு அவன் ஃப்ரெண்டுகிட்ட கத்தறது கேக்குது. சின்னவ ஏற்கனவே செருப்பை மாட்டிட்டு வாசல்ல நிக்கறா, இடது கால் செருப்பு வலது கால்ல. அந்த ஒருத்தன் விழுந்ததும் நாங்க மூணு பேரும் வெளில கிளம்பறோம்.